ஈரல் சொல்லும் சாட்சி

நான் கடைசியாகக் குடித்து ஐந்து வருஷமும் நான்கு மாதமும் ஆகின்றன. இதைச் சொன்னால் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள் உண்டு. நம்பிவிட்டேன் என்கிற தலையாட்டல் அல்ல, சரி சரி உட்காருங்கள் என்கிற தலையாட்டல். அவர்கள் மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பிறகு ஆற அமர யோசித்தால், அதற்கு முந்தின இருபது வருஷம் நான் சொன்னதையெல்லாம் நம்பினவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் ஞாபகத்துக்கு வரும்.

என் தொழில் போர் போடுவது. பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிற ரிக் வண்டியின் ஆபரேட்டர். கடல் தாண்டி, கொசுவுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு காட்டு நாட்டில் கம்பெனி கேம்ப்பில் ஆறு வருஷம் இருந்தேன். அங்கே எனக்கு வைத்த பட்டப்பெயர் பால்குடி. வேலை முடிந்து எல்லாரும் பாட்டிலைத் திறக்கும்போது நான் மட்டும் பால் விட்ட டீயை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் கேலியாக வைத்தார்கள். எனக்கு அது உள்ளுக்குள் ரொம்பப் பிடித்திருந்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வீட்டில்தான் ஆளில்லை. என் மனைவி என்னை விட்டு விலகி மகளோடு தனியாக இருந்தாள். நான் குடியை நிறுத்திய ஏழாவது மாதம் இறந்துபோனாள். நிறுத்திவிட்டேன் என்று போனில் சொன்னபோது, நல்லது என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே மகள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை, போட்டோ அனுப்பினாள். அதில் அவள் அழகாக இருந்தாள். இந்த வருஷம் மூன்று மாத லீவு கிடைத்தபோது நானே வாய் திறந்து கேட்டேன். ஐம்பத்தாறு வயசாகிறது, ரிக் போடுகிற ஆட்டத்தை முதுகு தாங்கவில்லை, இனிமேல் உன்னோடு வந்து இருந்துவிடட்டுமா என்று.

"லீவுக்கு வாங்கப்பா. மூணு மாசம் எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்," என்றாள்.

பரீட்சை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாஸானால் மகள் வீடு. இல்லையென்றால் திரும்பக் கேம்ப், அதற்கப்புறம் எங்கேயோ ஒரு வாடகை அறை. திரும்பிப் போகிற டிக்கெட்டும் என் பெட்டியிலேயே இருந்தது.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. முன் அறை சோபா எனக்கு. மாப்பிள்ளை பஸ் டிப்போவில் டைம் கீப்பர். நிமிஷம் பார்த்துப் பேசுகிற மனுஷன். "வாங்க மாமா", "சாப்பிட்டீங்களா மாமா", "வரேன் மாமா" என்று ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் செலவழிப்பார். குளியலறை அலமாரியில் வாய் கொப்பளிக்கிற மருந்து இருந்த இடத்தில் ஒரு வட்டக் கறை மட்டும் இருந்தது. அதில் கொஞ்சம் சாராயச் சத்து உண்டு என்று எனக்கும் தெரியும். நான் வருவதற்கு முன்னால் மகள் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். கோபம் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, குளியலறை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினேன்.

பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று. பதினோராவது நாள் மத்தியானம் முதுகுத்தண்டில் ஜில்லென்று ஏதோ ஊர்ந்தது. பல் கிடுகிடுத்தது. எனக்கு அது புதிதல்ல. மலேரியா எப்படி வாசலில் வந்து நிற்கும் என்பது ஆறு வருஷத்தில் அத்துப்படி. சாயங்காலம் மகள் டீ கொடுத்தபோது டம்ளர் சாஸரில் தடதடவென்று தாளம் போட்டது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் நான் செத்தேன். ஒளித்துக் குடிக்கிறவனுக்குச் சரக்கு கிடைக்காத நாளில் கை எப்படி ஆடுமோ, அச்சு அசல் அப்படித்தான் ஆடியது. சின்ன வயசில் அவள் அதைப் பார்த்தே வளர்ந்தவள். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பழைய நாளிலும் நான் அதைத்தானே சொல்வேன், கொஞ்சம் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று.

கேம்ப்பில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காய்ச்சல் என்று சூப்பர்வைசரிடம் போனால் ரிக்கை விட்டு இறக்கிவிடுவார்கள். உன் சீட்டில் இன்னொருத்தன் உட்காருவான், அப்புறம் எழுந்திருக்க மாட்டான். அதனால் எல்லாரும் மலேரியா மாத்திரைப் பட்டையை மடித்துக் காலுறைக்குள் வைத்திருப்போம். முதல் நடுக்கம் வந்ததும் யாருக்கும் தெரியாமல் நான்கை முழுங்குவோம். முழுசாகச் சாப்பிட இருபத்துநான்கு மாத்திரை. யாரும் முழுசாகச் சாப்பிட்டதில்லை. நடுக்கம் நின்றதும் மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வோம், இல்லை பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுப்போம். இதை ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தோம். நல்ல முட்டாள்கள்.

என் பெட்டியில் பன்னிரண்டு மாத்திரை இருந்தது. குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டுச் சத்தத்தில் பட்டையைக் கிழித்தேன். நான்கு நான்காக மூன்று வேளை, ஒன்றரை நாளில் தீர்ந்தது. வெறும் பட்டையைத் தெருமுனைக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோய்ப் போட்டேன். கை நின்றது. மூன்றாவது தடவை தாழ்ப்பாளை விலக்கி வெளியே வந்தபோது மகள் கதவுக்கு நேராகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள் என்பதை அப்போது கவனிக்கவில்லை.

பாதி மருந்து சாப்பிட்டால் நோயும் பாதிதான் போகும். மாத்திரை தீர்ந்த மூன்றாவது வாரம் அது திரும்பி வந்தது. அன்றைக்கு என் பழைய கண்ணாடியை மாற்ற அவள் கடைக்குப் போயிருந்தேன். இருட்டறையில் நாற்காலி, மோவாயை வைக்க ஒரு தாங்கி, எதிரே வெளிச்சத்தில் எழுத்துகள். அவள் ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டாள். எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு வரிசையாக நகர்ந்தது. தாங்கியில் மோவாய் கடகடத்தது. அவள் சின்ன விளக்கை எடுத்துக்கொண்டு என் முகத்தருகே குனிந்தாள். கண்ணுக்குள் பார்க்கிற வேலையில் அப்படிக் குனியத்தான் வேண்டும். ஆனால் அவள் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது.

"மோந்து பாக்கறியாம்மா?"

அவள் விளக்கை அணைக்கவில்லை. "ஆமாப்பா," என்றாள்.

அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்தபோது கையில் ஊசி ஏறியிருந்தது. வெளிநாட்டுக் காய்ச்சல்களைப் பார்க்கிற டாக்டரம்மா, என் மகளைவிடச் சின்னப் பெண், ரத்தத்தில் மலேரியாக் கிருமி என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"மலேரியாவா? வெறும் மலேரியாதானா டாக்டர்?"

டாக்டரம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இங்கே வருவதற்கு முன்னால் வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மகள் என் கையைப் பிடித்திருந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பிடித்திருந்தாள். உன்னிடமிருந்து ஒளித்துத் தாழ்ப்பாள் போட்டுச் சாப்பிட்டேன் என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இல்லை என்றேன்.

புது மருந்து கொடுத்தார்கள். தினம் நான்கு மாத்திரை, சாப்பாட்டோடு, மூன்று நாள். இந்தத் தடவை ஒன்று விடாமல் முழுங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு போன பன்னிரண்டு நாள்தான் என் லீவிலேயே நல்ல நாள்கள். மகள் கடையிலிருந்து ஓடி வந்து கஞ்சி வைப்பாள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் எழுத்து தெரியாவிட்டாலும் தெரிகிறது என்று பொய் சொல்வார்கள், அதைக் கண்டுபிடிப்பதே எனக்கு வேலை என்று சொல்லிச் சிரித்தாள். மாப்பிள்ளைகூட நான்காவதாக ஒரு வாக்கியம் பேசினார், டிப்போவில் எல்லாரும் மாமாவை விசாரித்தார்களாம். நான் பாஸாகிவிட்டேன் என்றே நினைத்தேன்.

பன்னிரண்டாவது நாள் மறுபரிசோதனை. கிருமி சுத்தமாக இல்லை. டாக்டரம்மா அடுத்த தாளைப் புரட்டினார். ஈரலுக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், நாற்பதுக்குள் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது எனக்கு அது அறுபத்தெட்டு. காய்ச்சலினால் ஏறியது, இறங்கிவிடும் என்று எதிர்பார்த்தாராம். இப்போது இருநூற்று முப்பத்தொன்பது.

"குடிப்பீங்களா?" என்று கேட்டார். திட்டிக் கேட்கவில்லை, உயரம் எவ்வளவு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"அஞ்சு வருஷமா இல்லை."

"நல்லது. சில பேருக்கு மலேரியா மருந்துக்கு அப்புறம் ஈரல் இப்படிக் கொஞ்ச நாள் கோவிச்சுக்கும். வெளிநாட்டுலேர்ந்து திரும்பி வர்றவங்ககிட்ட பார்த்திருக்கேன், தானா இறங்கிடும். குடியா இருந்தாலும் இப்படி ஏறலாம், அதான் கேட்டேன். எதுவா இருந்தாலும் ஒரு மாசம் ஒரு சொட்டு கூடாது. மறுபடி பார்ப்போம்."

மகள் அந்தப் பேச்சில் எந்தப் பாதியைக் கேட்டாள் என்று அவள் முகமே சொன்னது. வெளியே வந்து பஸ்ஸில் ஏறினோம். சீட் இருந்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உண்மையைக் கொட்டிவிட்டேன். கேம்ப் வழக்கம், பன்னிரண்டு மாத்திரை, தாழ்ப்பாள், குழாய்ச் சத்தம், எல்லாவற்றையும். அரைகுறையாக ஒரு மருந்து, அதன் மேல் முழுசாக இன்னொரு மருந்து, இரண்டையும் சேர்த்து ஈரல் எப்படித் தாங்கும் என்று எனக்குத் தெரிந்த வைத்தியத்தையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப டாக்டர் கேட்டப்ப ஏன்ப்பா இல்லைன்னீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டு, தண்ணியைத் திறந்து விட்டுட்டு, எதையோ முழுங்கிட்டு வந்தீங்க. அது மாத்திரைதான்னு நான் எப்படி நம்பறது? அம்மாகிட்ட ஒரு தடவை இருமல் மருந்துன்னீங்க. ஒரு தடவை அல்சருக்குன்னீங்க. அவங்க எல்லாத்தையும் நம்பினாங்க."

கேம்ப்பில் யாரையாவது கேட்டுப் பார், என்னைப் பால்குடி என்றுதான் கூப்பிடுவார்கள் என்றேன். உங்கள் கூட்டாளிகள் சாட்சி எனக்கு வேண்டாம் என்று அவள் சொன்னாள். அதுவும் நியாயம்தான். அந்தக் காலத்தில் என் கூட்டாளிகள் வரிசையாகப் போன் செய்து, அண்ணன் ஓவர்டைமில் இருக்கிறார் அண்ணி என்று கூசாமல் சொல்வார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். பன்னிரண்டு மாத்திரையை ஒப்புக்கொண்டேன். சின்னப் பெண் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒளித்துச் சாப்பிடுவதற்கு அது மிட்டாயா, அன்றைக்கே சொல்லியிருந்தால் ஈரலை முன்கூட்டியே கவனித்திருப்பேனே என்றார். தலை குனிந்து கேட்டுவிட்டு, இந்த ஆளின் ஈரல் மாத்திரையால்தான் கெட்டது, குடியால் அல்ல என்று ஒரு கடிதம் தர முடியுமா என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "மாத்திரையா இருக்கலாம்னு எழுதித் தரேன். குடி இல்லைன்னு எப்படிங்க எழுதுவேன்? ரத்தம் அதைச் சொல்லலையே."

அப்படிப்பட்ட கடிதம் எனக்கு வேண்டாம் என்றேன். மாதம் முடியட்டும், எண் இறங்கட்டும், அதைவிடப் பெரிய சாட்சி என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

அந்த மாதத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் வீடு என்னைச் சுற்றி உறைந்துவிடும். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தேன். கீச்சிடுகிற கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன். எல்லாம் சரியான பிறகு செய்ய ஒன்றுமில்லாமல், ஒழுகாத குழாயைக் கழற்றி மறுபடி மாட்டினேன். ஜன்னலிலிருந்து பஸ் ஸ்டாப் தெரியும். அதில் ஏறுகிறவர்களில் தினம் வருகிற ஏழு பேரை எனக்குத் தெரியும், அவர்களுக்கு என்னைத் தெரியாது. வெளியே நடக்கப் போவதை நிறுத்திவிட்டேன். எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கமாட்டாள், ஆனால் நான் வந்த பிறகு காற்றை மோப்பம் பிடிப்பாள். உள்ளேயே கிடந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. காட்டில், இருபது பேர் குறட்டை விடுகிற தகரக் கொட்டகையில் எனக்கு இத்தனை தனிமை இருந்ததில்லை. இங்கே என் சொந்த ரத்தம் அடுத்த அறையில் இருக்கிறது, அதனால்தான் இந்தத் தனிமை இத்தனை வலித்தது. ஒரு நாள் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது சத்தம் போட்டு அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, அழுதால் கண் சிவக்கும், சிவந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கும் என்று பயந்து, அவள் வரும் வரை ஈரத் துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அவள் கொடுமைக்காரி அல்ல. அதைச் சொல்லியாக வேண்டும். வேளா வேளைக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுப் போனாள். எண்ணெயைக் குறைத்தாள், வலி மாத்திரை எதுவும் சாப்பிடக் கூடாது என்று கேட்டு வந்து சொன்னாள். தினமும் சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை என் கையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நானும் அவள் வருகிற நேரத்துக்குக் கையை மடியில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாதம் முடிந்ததும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை நானே போய் முடிவை வாங்கினேன். ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே நின்று பிரித்தேன். முப்பத்திநான்கு. நாற்பதுக்குள் முப்பத்திநான்கு. படியில் இறங்குகிறவர்கள் ஒதுங்கிப் போகும்படி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா தாளைப் பார்த்துச் சிரித்தார், ஈரல் சமாதானமாகிவிட்டது, இனி பயமில்லை என்றார். லீவில் இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. ஆனால் எனக்கு இனி டிக்கெட் எதற்கு?

அன்றைக்கு முழுதும் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். பெருந்தன்மையாகப் பேசுவது என்று முடிவு செய்தேன். பரவாயில்லையம்மா, உன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று தொடங்கலாம். அவள் மன்னிப்புக் கேட்டால் கேட்க விடக் கூடாது. மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், உன் அம்மா கடைசியில் நல்லது என்று சொன்னாள், அவளாவது நம்பினாள் என்று.

சாயங்காலம் அவள் வந்து பையைக்கூட இறக்கவில்லை, தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தாள். கண் பார்க்கிறவள் இல்லையா, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. பையை அப்படியே தரையில் விட்டுவிட்டு என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த என் கை இரண்டையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்னால நம்பவே முடியலைப்பா," என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "அம்மா எத்தனை கெஞ்சியிருப்பாங்க, ஒரு வாரம் உங்களால முடிஞ்சதில்லை. இந்த வீட்டுல தனியா உட்கார்ந்துக்கிட்டு, யார் துணையும் இல்லாம, எனக்காக நிறுத்திட்டீங்களே. எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. குடிக்காதவனின் ஈரல் மருந்து தெளிந்தால் இறங்கும். குடிகாரனின் ஈரலும் குடியை விட்டால் இறங்கும். முப்பத்திநான்கு என்பது இரண்டு பேருக்கும் முப்பத்திநான்குதான். இத்தனை நாள் இரவு பகலாகக் காத்திருந்தேனே, இது எப்படி என் புத்தியில் உறைக்காமல் போயிற்று?

இல்லையம்மா, அப்படி இல்லை, ஐந்து வருஷம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஐந்து வருஷம், நான்கு மாதம். கேம்ப்பில் கூட்டாளி செத்துப்போன அன்றைக்குக்கூடத் தொடவில்லை. உன் அம்மா செத்த செய்தி வந்த அன்றைக்கு எல்லாரும் ஊற்றிக் கொடுத்தார்கள், வாங்கி மண்ணில் கொட்டினேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்க," என்றாள். "இங்கேயே இருங்கப்பா. இதே மாதிரி ஒவ்வொரு நாளா பார்த்துக்கலாம். நான் கூட இருக்கேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தேகம் துளிகூட இல்லாமல், சின்னக் குழந்தையில் என் தோள் மேல் ஏறி உட்கார்ந்திருந்த காலத்து முகமாக இருந்தது. அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், அந்த இருநூற்று முப்பத்தொன்பது வந்த நாளிலிருந்து.

"முப்பத்தொரு நாள் ஆச்சு இல்லப்பா?"

"ஆமாம்மா," என்றேன். "முப்பத்தொரு நாள்."